பெயர் எழுதாத உறை

லாரன்ஸின் கைப்பேசி பூசை நடுவில் அலறாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கடந்த ஒரு வருடத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவும் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்து, கோயிலே மூச்சடக்கி முழங்காலில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் அடிக்கும். கடன் கொடுக்கிறேன் என்று எவனாவது கூப்பிடுவான், இல்லையென்றால் தவறான எண். அவர் தடவித் தேடி அணைப்பதற்குள் முன்வரிசைவரை திரும்பி முறைத்து முடித்திருக்கும். கோயில் கமிட்டிப் பையன்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

"சைலண்டுல போட்டா என்னாண்ணே? ஒரு மணி நேரந்தான லா."

"கம்பெனியில கூப்புடுவாங்க தம்பி. பஸ்ஸு எங்கயாச்சும் படுத்துக்கிச்சுன்னா எனக்குத்தான் அடிப்பாங்க."

இது சுத்தப் பொய். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை அவர் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறார். பஸ் படுத்துக்கொண்டால் கம்பெனி பட்டறையைக் கூப்பிடுமே தவிர ஓட்டுநரைக் கூப்பிடாது. சத்தத்தை ஏன் உச்சத்தில் வைத்திருக்கிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. குளிக்கப் போனாலும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். படுத்தால் காதுக்கு அடியில். மகன் கெல்வினைப் புதைத்துவிட்டு வந்த வாரத்தில் தொடங்கிய பழக்கம் இது என்பது மட்டும் மனைவி அமலம்மாளுக்குத் தெரியும். துக்கம் ஆளுக்கொரு கிறுக்கைக் கொடுத்துவிட்டுப் போகும் என்று அவள் விட்டுவிட்டாள்.

கெல்வின் மூத்தவன். போகும்போது வயது பத்தொன்பது. கோயில் இளைஞர் குழுவில் கிட்டார் அவன்தான். சேவைப் பயணம் என்று அறிவித்தால் பெயிண்ட் வாளியை முதலில் தூக்குகிறவனும் அவன்தான். பேராக் பக்கம் ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமம் ஒன்றில் சின்னக் கோயிலுக்குச் சாயம் அடிக்கப் போய், தலைமுடியெல்லாம் பச்சையாகத் திரும்பி வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, தங்கை லினெட்டின் டியூஷன் வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று பிள்ளைகளை ஐந்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக அவளை ஏற்றிவரும் தோழியின் அம்மா ஏழு மணிக்குத்தான் வருவாள். மழை வேறு. லினெட் அண்ணனுக்குப் போன் அடித்தாள். அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பாயா தெருபோங் மேட்டு வளைவில் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டான். போலீஸ் ரிப்போர்ட்டில் மொத்தமே பதினோரு வரி.

அதற்குப் பிறகு லாரன்ஸ் மகளிடம் பேசவில்லை. அடிக்கவில்லை, ஏசவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். "அவளச் சாப்புடச் சொல்லு," "அவளுக்கு ஸ்கூல்ல என்னா கேட்டாங்களாம்?" எல்லாம் அமலம்மாள் வழியாகப் போய்வரும். ஆயர் ஈத்தாம் பிளாட்டில் பதினோராவது மாடியில் மூன்று பேர் இருக்கிற வீடு அது. வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டால் கக்கூஸ்வரை கேட்கும். அந்த வீட்டில் தகப்பன் பேச்சு மகளுக்குத் தாய் மூலமாகத்தான் போயிற்று. லினெட்டும் அவருக்குப் போன் அடிப்பதை விட்டுவிட்டாள். ஒரு வருடமாக அவர் கைப்பேசியில் மகள் பெயர் ஒருமுறைகூட ஒளிரவில்லை.

இந்த வருடம் நான்காம் படிவப் பிள்ளைகளின் தியானத்துக்கு லினெட்டும் பெயர் கொடுத்தாள். பிள்ளைகள் அதைக் கேம்ப் என்பார்கள். வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு மதியம் வருவது. பாலிக் பூலாவில் மலைச்சரிவில் கன்னியாஸ்திரீகளின் பழைய தோட்ட வீடு ஒன்று இருக்கிறது, அங்கேதான் எப்போதும் நடக்கும். சனிக்கிழமை காலையில் பக்கத்து முதியோர் இல்லத்தைக் கழுவித் துடைத்து, கிழவர்களுக்கு நகம் வெட்டிவிட்டு வரவேண்டும். மிச்ச நேரம் பாட்டு, பேச்சு, ஜெபம். நடத்துகிறவள் பெர்னடெட். வார நாளில் ஷிப்பிங் ஆபீஸில் குமாஸ்தா, வாரக் கடைசியில் நாற்பது பிள்ளைகளுக்குத் தாய். சொந்தத்தில் பிள்ளை இல்லை என்பதால் மற்றவர்கள் பிள்ளையைப் பற்றி அவளுக்குக் கவலை அதிகம்.

முந்தின ஞாயிறு பெற்றோரை மட்டும் உட்காரவைத்து அவள் ஆளுக்கு இரண்டு உறையும் ஒரு கத்தை மஞ்சள் தாளும் கொடுத்தாள்.

"ஒரு கவர்ல பிள்ளை பேர எழுதுங்க. அதுக்குள்ள பிள்ளைக்கு ஒரு லெட்டர். அன்பா, மனசுல உள்ளத எழுதுங்க. சனிக்கெழம ஆறு மணிக்கி சேப்பல்ல வச்சி நாங்க குடுப்போம். அதுவரைக்கும் பிள்ளைங்களுக்கு மூச்சு விடக் கூடாது, சர்ப்ரைஸு. இன்னொரு கவர்ல பேரே எழுதாதீங்க. உங்க மனசுல அழுகிக் கெடக்கிற கோவம், கசப்பு, மன்னிக்க முடியாதது எல்லாத்தையும் எழுதி அதுல போடுங்க. யாரும் பிரிக்க மாட்டோம். பிள்ளைங்களும் அவங்க பாவத்த துண்டுத் தாள்ல எழுதி அதே கூடையில போடுவாங்க. எல்லாத்தையும் ஒண்ணா நெருப்புல போட்டு ஃபாதர் ஜெபிப்பாரு."

பேர் எழுதாத உறைக்குத்தான் லாரன்ஸுக்கு முதலில் கை போனது. காலை ஆறரைக்குத் தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இரவு வேலை முடித்தவர்கள் வெளியே வரும்வரை அரை மணி நேரம் சும்மாதான் இருப்பார். பிளாஸ்கில் கொண்டுபோன கோப்பியைக் குடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதினார். திங்கள் ஒரு தாள், செவ்வாய் ஒரு தாள், வியாழன் ஒரு தாள், இரண்டு பக்கமும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவர் அவ்வளவு எழுதுவார் என்று அவரே நினைக்கவில்லை. ஒரு கிராப் டாக்சி எடுத்திருந்தால் என் மகன் இருந்திருப்பான். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன, கரைந்தா போயிருப்பாள்? அவள் கையில் சாப்பாடு வாங்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. அவள் முகத்தைப் பார்த்தால் பையன் முகம் தெரிகிறது, பார்க்க முடியவில்லை. இப்படியே போயிற்று. எழுதி முடித்தபோது உண்மையிலேயே நெஞ்சு கொஞ்சம் லேசானது. எரிந்தே போகப்போகிறது என்ற தைரியம்.

மகளுக்கான கடிதம்தான் வரவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில், அமலம்மாளின் நச்சரிப்பு பொறுக்காமல், அரைப் பக்கம் எழுதினார். அதற்குள் வேலை முடிந்தவர்கள் வந்து பஸ் கதவைத் தட்டிவிட்டார்கள். அவசர அவசரமாக மடித்து இரண்டு உறையிலும் திணித்து ஒட்டினார். ஒன்றின் ஓரத்தில் கோப்பி சிந்தியது. வீட்டுக்கு வந்து அமலம்மாளிடம் கொடுத்தார். அன்று சாயங்காலம் லினெட்டைக் கோயிலில் விடப்போனவள் அவற்றைப் பெர்னடெட் கையில் சேர்த்தாள்.

சனிக்கிழமை மூன்று மணி ஷிஃப்ட்டை இறக்கிவிட்டு லாரன்ஸ் வீடு வரும்போது நாலே கால். மலை உச்சி மேகத்துக்குள் போயிருந்தது. ஆயர் ஈத்தாமில் மழை மலைக்குச் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கும். அமலம்மாள் நெத்திலி சம்பலும் சுடுசோறும் போட்டு, எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

"ஆறு மணிக்கி லெட்டர் குடுத்துருவாங்க," என்றாள்.

"ம்."

"நான் நாலு பக்கம் எழுதுனேன். எழுத எழுத அழுகதான் வருது. அவ சின்னப் புள்ளையில பாசார்ல காணாமப் போனாளே, கோழிக்கடை சீனன் தூக்கி வச்சிருந்தானே, அதையெல்லாம் எழுதுனேன். நீங்க என்னா எழுதுனீங்க?"

"என்னமோ எழுதுனேன்."

"நல்லதா எழுதுனீங்களா?"

"நல்லதாத்தான். மன்னிச்சிட்டேன்னு எழுதுனேன். போதுமா?"

அமலம்மாளின் கை கீரையில் நின்றது. அந்த வார்த்தைக்காக அவள் எத்தனையோ ஜெபமாலை உருட்டியிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் நேத்து பெர்னடெட் உங்களச் சொன்னா. அண்ணன் லினெட்டுக்கு எழுதுன கவரு என்னா கனம், குடுத்து வச்ச பிள்ளன்னு. எத்தன பக்கம் எழுதுனீங்க?"

"அரைப் பக்கம்."

"அரைப் பக்கமா? கையில வாங்கித் தூக்கித் தூக்கிப் பாத்தாளே."

லாரன்ஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மூன்று தாள், இரண்டு பக்கமும். கனம் அதுதான். அரைப் பக்கத்துக்குக் கனம் ஏது?

"மாத்திப் போட்டுட்டேன்," என்றார்.

"என்னாத்த?"

"லெட்டர. அவ பேரு போட்ட கவர்ல மத்தது போயிருச்சி."

"மத்ததுன்னா? எரிக்கிறதுக்கு எழுதுனதா?" அமலம்மாள் எழுந்துவிட்டாள். "அதுல என்னா எழுதியிருந்தீங்க?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவும் இல்லை. ஒரு வருடம் அந்த வீட்டில் இருந்தவள் அவள்.

"அவளத்தான எழுதியிருக்கீங்க," என்றாள் மெதுவாக. "அவதான் கொன்னான்னு எழுதியிருக்கீங்க."

"அப்புடி எழுதல."

"வேற எப்புடி?"

"எரிச்சிருவாங்கன்னுதான எழுதுனேன் அமலம்."

"நெருப்புக்கு எழுதுறதுக்கு மூனு தாளு. புள்ளைக்கி அரைத் தாளு." அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "இத அவ படிச்சான்னா எனக்கு இருக்கிற ஒண்ணும் போயிரும். போன் அடிங்க."

அடித்தார்கள். லினெட்டின் போன் அணைந்திருந்தது. கேம்பில் பிள்ளைகளின் போனைக் கூடையில் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம், ஞாயிற்றுக்கிழமைதான் திருப்பிக் கொடுப்பார்கள். பெர்னடெட்டின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக அவளும் தன்னுடையதை அதே கூடையில் போட்டிருப்பாள். லாரன்ஸ் கையைக் கழுவாமல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மழைச்சட்டையை எடுத்தார். மணி நாலு ஐம்பது.

ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவுக்குச் சீக்கிரம் போகவேண்டும் என்றால் பாயா தெருபோங் மேடு ஏறித்தான் போகவேண்டும். அந்தச் சாலையில் லாரன்ஸ் ஒரு வருடமாகப் போகவில்லை. பஸ்ஸைக்கூட ஜெலுத்தோங் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், டீசல் கணக்கில் கேள்வி கேட்டவர்களிடம் அங்கே நெரிசல் என்று சாதித்தார். இன்று சுற்ற நேரமில்லை. மழை மேட்டின் பாதியில் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, தூக்கிவிட்டால் முகத்தில் அறைந்தது. அந்த வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. புதுத் தார் போட்டு வெள்ளைக் கோடு அடித்திருந்தார்கள். மூடிக்கிடந்த டுரியான் கடையின் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. பின்னால் லாரி ஒன்று ஹார்ன் அடித்தது. என் பிள்ளை போன இடத்தில் ஒரு கீறல்கூட இல்லையே என்று அவருக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினார். மழையில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

மலை வளைவுகளைத் தாண்டி ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே தோட்ட வீட்டுக்குள் அவர் மோட்டாரை விட்டபோது ஐந்தே முக்கால். கூடத்தில் கிட்டார் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிள்ளைகள் பீஹூன் கோரெங் நூடுல்ஸ் தட்டுகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். லினெட் பெரிய கெத்தலிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு போனாள். பக்கத்தில் ஒருத்தி என்னவோ சொல்ல, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவர் கணக்குப் பார்க்க முயன்றார். கணக்கு வரவில்லை. சுவரோரமாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டு பின்பக்கம் போனார்.

பெர்னடெட் சமையற்கட்டில் மெழுகுவர்த்திகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சொட்டச் சொட்ட நின்ற அவரைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"அண்ணே, என்னாச்சு? அக்காவுக்கு ஏதும்?"

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. லெட்டர் குடுத்துட்டீங்களா?"

"இல்ல, இனிமேத்தான். பத்து நிமிசத்துல மணி அடிக்கணும். ஏன்?"

"நான் மாத்திப் போட்டுட்டேன். லினெட் கவர்ல எரிக்கிற லெட்டர் இருக்கு. அவளுக்கு உள்ளது பேரில்லாத கவர்ல இருக்கு. எரிச்சிட்டீங்களா?"

பெர்னடெட் அவர் முகத்தையே பார்த்தாள். கெல்வின் கதை அவளுக்குத் தெரியும். சவப்பெட்டிக்குப் பின்னால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்.

"சாமி காப்பாத்திட்டாரு. நாலு மணிக்கி நெருப்பு வைக்கிறதா இருந்துச்சி. மழ விடல. கூட அப்புடியே உள்ள இருக்கு. வாங்க."

சிற்றாலயத்தை ஒட்டிய சாமான் அறையில் மேசைமேல் இரண்டு பிரம்புக்கூடைகள் இருந்தன. ஒன்றில் பெயர் எழுதிய உறைகள். அவள் லினெட் பெயர் எழுதிய இரண்டையும் சட்டென்று நீட்டினாள், அவர் தன் கையெழுத்து உள்ளதை எடுத்துக்கொண்டார். கையில் கனத்தது. இன்னொன்று நிறையப் பெயரில்லாத உறைகளும் துண்டுத் தாள்களும் கலந்து கிடந்தன.

"உங்க கவர் தெரியுமா?"

"ஓரத்துல கோப்பி பட்டிருக்கும்."

"நீங்களே தேடிக்கங்க. ஆனா ஒண்ணுண்ணே, எதையும் பிரிச்சிறாதீங்க. பிள்ளைங்க எழுதுனதும் அதுலதான் கெடக்கு. யாரும் படிக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"எனக்கு எதுக்கும்மா மத்தவங்க பாவம்."

அவள் பிள்ளைகளைக் கிளப்பப் போனாள். லாரன்ஸ் ஈரக் கையை மேசைத் துணியில் துடைத்துக்கொண்டு தேடினார். உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் பார்த்து வைத்தார். கோப்பிக் கறை அடியில் கிடைத்தது. அப்பாடா என்று இழுத்தபோது துண்டுத் தாள்கள் சில கூடையை விட்டுத் தரையில் விழுந்தன. குனிந்து பொறுக்கினார். நாலாக மடித்த ஒன்று விழுந்த வேகத்தில் பாதி பிரிந்திருந்தது. மடிக்கப்போனவர் கண்ணில் "அப்பா" என்ற சொல் பட்டது. உருண்டை உருண்டையான எழுத்து. குளிர்ப்பெட்டிக் கதவில் வெங்காயம், முட்டை, சவர்க்காரம் என்று ஒட்டியிருக்குமே, அதே எழுத்து.

படிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். படித்தார்.

"ஏசுவே, அன்னைக்கி நான் மொதல்ல அப்பாவுக்குத்தான் அடிச்சேன். மூனு தடவ அடிச்சேன். எடுக்கல. அப்புறந்தான் அண்ணனுக்கு அடிச்சேன். மழ பேயிது, பயமா இருக்கு, சீக்கிரம் வாண்ணேன்னு சொன்னேன். சீக்கிரம்னு சொன்னது என் பாவம். அப்பாவுக்கு அடிச்சத யாருக்கும் சொல்லல. அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு. எங்கிட்டப் பேசாட்டியும் பரவால்ல. தெரிய வேணாம்."

லாரன்ஸ் அங்கிருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார்.

அந்த வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. முந்தின நாள் வேறொருவனுக்காக இரட்டை வேலை பார்த்த அலுப்பில், போனைச் சைலண்டில் போட்டுவிட்டுப் பகலிலேயே படுத்தார். அமலம்மாள் வந்து மாரில் அடித்துக்கொண்டு எழுப்பியபோது மணி ஏழு. போனில் தவறிய அழைப்புகள் இருபதுக்கு மேல். மேலே இருந்தவை அமலம்மாள், மைத்துனன், தெரியாத எண் ஒன்று. அவர் கீழே தள்ளிப் பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை, மறுநாளும் பார்க்கவில்லை. காரியம் முடிந்த வாரமே நல்லாயிருந்த அந்தப் போனைக் கடையில் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கினார். அந்தத் துக்கத்திலும் போன் மாற்ற அப்படி என்ன அவசரம் என்று அமலம்மாள் கேட்டாள். பழசில் சத்தம் சரியில்லை என்றார். இப்போது எல்லாம் புரிந்தது. அவர் மூளைக்குத் தெரியாவிட்டாலும் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. கீழே தள்ளினால் யார் பெயர் இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

பதினாறு வயதுப் பிள்ளை. தன் பழியோடு தகப்பன் பழியையும் ஒரு வருடமாகத் தூக்கிக்கொண்டு அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். வெட்கம் அவரை உள்ளே தின்றது.

கையில் இரண்டு உறை இருந்தன. கனமானதில் என்ன இருக்கிறது என்று தெரியும். மெலிந்ததைப் பிரித்துப் பார்த்தார். "லினெட், நடந்தது நடந்துபோச்சு. அப்பா உன்னை மன்னிச்சிட்டேன். நல்லா படி. இப்படிக்கு அப்பா." வாரம் முழுக்க வராமல் கடைசியில் மென்று விழுங்கி எழுதிய கடிதம். இதைவிடப் பெரிய தானம் ஒன்றைத் தன்னால் கொடுக்க முடியாது என்று நேற்றுவரை நினைத்திருந்தார். யார் யாரை மன்னிப்பது? இதை அவள் கையில் கொடுப்பதைவிட அந்த மூன்று தாளைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அதிலாவது பொய் இல்லை, முட்டாள்தனம்தான் இருந்தது.

மணி அடித்தது. பெர்னடெட் கதவருகே எட்டிப் பார்த்தாள்.

"கெடச்சிச்சாண்ணே?"

"கெடச்சிது."

"குடுங்க, பேர எழுதிக் கூடையில போட்டுர்றேன்."

"இது வேணாம் தங்கச்சி. எனக்கு ஒரு தாளு குடு. ஒரு கவரும்."

"இப்பவா? பிள்ளைங்க உள்ள வந்துட்டாங்க."

"ஒரு நிமிசம். இல்லன்னா அவ வெறுங்கையோட இருக்கட்டும். இது ரெண்டுல எதுவும் அவளுக்குக் குடுக்கிற மாதிரி இல்ல."

அவள் தாளும் உறையும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே நின்றாள். அடுத்த அறையில் பிள்ளைகள் மெதுவாகப் பாடத் தொடங்கினார்கள். அவருக்குத் தெரியவேண்டாம் என்றுதான் பிள்ளை சாமியிடம் கேட்டிருந்தாள். அவள் கேட்டதை அவரே கெடுக்கப்போகிறார். ஆனாலும் அவர் சுமையை அவள் தலையில் இன்னும் ஒரு நாள் விட்டுவைக்க மனம் வரவில்லை. எழுதினார்.

"லினெட்டம்மா, அன்னைக்கி அப்பா போனைச் சைலண்டுல போட்டுட்டுத் தூங்கிட்டேன். நீ அடிச்சது எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா நான் வந்திருப்பேன். தப்பு என்மேல. அப்பா."

ஒட்டிப் பெயரெழுதி பெர்னடெட்டிடம் கொடுத்தார். துண்டுத் தாளை நாலாக மடித்துக் கூடையின் அடியில் வைத்தார். தன் உறைகள் இரண்டையும் அதன்மேல் போட்டார்.

சிற்றாலய ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று பார்த்தார். மெழுகுவர்த்திகள் எரிந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொரு பிள்ளையாக வந்து வாங்கிப்போனார்கள். லினெட்டுக்கு இரண்டு. அம்மாவுடையதை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுடையதை விரலால் தடவிப் பார்த்தாள். மெலிந்த உறை. பிரித்தாள். படித்து முடிக்க எவ்வளவு நேரம்? தாளைத் திருப்பி மறுபக்கம் பார்த்தாள், ஒன்றும் இல்லை. மறுபடி இந்தப் பக்கம் படித்தாள். சுற்றியிருந்த பிள்ளைகள் விசும்பிக்கொண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவள் அழவில்லை. தாளை முகத்தோடு வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் தலையைச் சாய்த்தாள். அப்படியே இருந்தாள். அவளுக்குச் சுமை இறங்கியதா ஏறியதா என்று லாரன்ஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே போய்த் தலையைத் தடவலாம். ஒரு வருடம் தடவாத கை எப்படிப் போகும்? மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போய்த்தான் கிளப்பினார்.

வீட்டில் அமலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். துண்டுத் தாளையும் சொன்னார்.

"எங்கிட்டயும் அவ சொல்லல," என்றாள் அவள். "நானும் அவளத்தான் ஒரு நாளு கேட்டேன், ஏன் அவசரப்பட்டன்னு."

அன்று இருவரும் தூங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பிள்ளைகள் பஸ் ஒரு மணிக்குத்தான் கோயில் வாசலுக்கு வரும். பத்தரை மணிப் பூசைக்கு இருவரும் போனார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. விசிறிகளின் சத்தத்தையும் தாண்டி ஓட்டில் அது விழுவது கேட்டது. சாமியார் அப்பத்தை எடுத்தார். கோயில் முழங்காலில் இருந்தது. அப்போதுதான் லாரன்ஸின் கைப்பேசி அடித்தது.

முன்வரிசை திரும்பியது. கமிட்டிப் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். அமலம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். லாரன்ஸ் போனை எடுத்துப் பார்த்தார். திரையில் லினெட் பெயர். இரண்டாவது மணி அடிப்பதற்குள், முழங்காலில் இருந்தபடியே, எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா."

மறுபக்கத்தில் சத்தம் இல்லை. அங்கேயும் மழை பெய்வது மட்டும் கேட்டது. அவர் காத்திருந்தார். கோயில் முழுக்கத் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

"அப்பா," என்றாள். குரல் கரகரத்திருந்தது. "தூங்கலையா?"

"இல்லம்மா. முழிச்சித்தான் இருக்கேன்."

மறுபடியும் மழை.

"எல்லாரும் பஸ்ஸுல வராங்க. நான் போகல. நீங்க வந்து என்னிய ஏத்திக்கிறீங்களா?"

"வரேன். இப்பவே வரேன்." அவர் எழுந்துவிட்டார். முழங்கால் வலித்தது. மனைவியின் கையை விடுவித்துக்கொண்டு நடுப்பாதையில் இறங்கி வாசலை நோக்கி நடந்தார். செருப்புச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. "அரை மணி நேரத்துல வந்துர்றேன். இந்தா கெளம்பிட்டேன்."

"அப்பா."

"சொல்லு."

"மழ பேயிது. அவசரமில்லப்பா. மெதுவா வாங்க."